வாகனக் கேள்வி – பதில்: மைனரா, சொமர்செற்றா?

கேள்வி: 1965 மொறிஸ் மைனர் 1000 ஒன்றும் 1953 ஒஸ்ரின் ஏ-40 சொமர்செற் ஒன்றும் விலைக்கு வந்துள்ளன. இரண்டும் ஓடுகின்றன. கிழமையில் இரண்டு தரம் கிளிநொச்சிக்குப் போய்வர வேண்டும். வீட்டிலிருந்து ஏ-9 வரை கிரவல் றோட்டு. எதை எடுக்கலாம்?
– வாசகர், மாங்குளம்

பதில்: மைனர். ஆனால் முன்சில்லைப் பார்க்காமல் முற்பணம் கொடுத்துவிடாதீர்கள்.

மைனருக்கு 1098 சி.சி., 48 குதிரைவலு. சொமர்செற்றுக்கு 1200 சி.சி. இருந்தும் 42 தான். பாரமும் ஏறக்குறைய 200 கிலோ கூட. ஏ-9 இல் மைனர் 80 இல் நோகாமல் போகும். மற்றதை அந்த வேகத்தில் விரட்டினால் எஞ்சின் கத்தும். கிரவலில் மட்டும் சொமர்செற் ஒருபடி மேல்: 16 அங்குலச் சில்லு, தனிச் சசி (அடிச்சட்டம்). மைனரின் 14 அங்குலச் சில்லு கிடங்கில் இறங்கினால் முதுகுக்குத் தெரியும். ஆனாலும் மைனருக்கு இன்றும் புதுச் சாமான் வருகிறது. 1990களில் இதன் தகடுகளை இலங்கையிலேயே அடித்து இங்கிலாந்துக்கு அனுப்பினார்கள்! சொமர்செற்றின் சாமானுக்குப் பழைய கார் உடைப்பவரைத்தான் தேட வேண்டும்.

மைனரின் பலவீனம் முன்பக்கக் கீழ் ட்றனியன், அதாவது முன்சில்லைத் தாங்கும் காலின் அடியிலுள்ள புரி மூட்டு. கிறீஸ் காணாமல் புரி தேய்ந்தால் கால் கழன்று சில்லு உள்ளே மடியும். பெரும்பாலும் மெதுவாகத் திருப்பும்போதுதான் நடக்கும். ஜக் வைத்துச் சில்லைத் தூக்கி, மேலும் கீழும் பிடித்து ஆட்டுங்கள். ஆட்டம் இருந்தால் அதை மாற்றும் செலவை விலையில் கழியுங்கள். வாங்கியபின் 1500 கிலோமீற்றருக்கு ஒருதரம், சில்லு தொங்கும் நிலையில், பழைய கிறீஸ் வெளியே பிதுங்கும்வரை அடியுங்கள். சில்லு நிலத்தில் இருந்தால் பாரம் தாங்கும் பக்கத்துக்குக் கிறீஸ் போகாது.

சாரதியின் காலடிக் கம்பளத்தையும் தூக்குங்கள். பிறேக் மாஸ்ரர் சிலிண்டர் அதன் கீழே, சசிக்குள் இருக்கிறது. மாரியில் சேறு தங்கித் துருப்பிடிக்கும் இடம் அது.

இரண்டில் எது பொருளாதாரத் தடைக்காலத்தில் மண்ணெண்ணெயில் ஓடியது என்று கேளுங்கள். எரியாத மண்ணெண்ணெய் சிலிண்டர் வழியே இறங்கி ஒயிலை நீர்ப்பாக்கும். றிங்கும் போரும் (சிலிண்டரின் உட்சுவர்) தேயும். நாலு சிலிண்டரிலும் கொம்பிறெசன் (அமுக்கம்) பாருங்கள். குறைந்த சிலிண்டருக்குள் ஒரு கரண்டி ஒயில் விட்டுத் திரும்பப் பாருங்கள். அளவு ஏறினால் றிங், ஏறாவிட்டால் பெரும்பாலும் வால்வு. வால்வு வேலை சின்னது. போர் அடிப்பது அப்படியல்ல.

கேள்வி: மைனரில் சாவி போட்டால் பெற்றோல் பம் நிற்காமல் டிக் டிக் என்கிறது. ஏன்?
– வாசகர், புதுக்குடியிருப்பு

பதில்: காபிறேற்றர் நிரம்பியதும் அது நிற்க வேண்டும். வேகமாக அடித்தால் தாங்கி வெறுமை, அல்லது தாங்கிக்கும் பம்முக்கும் இடையில் காற்று இழுக்கிறது. குழாய் மூட்டுகளை இறுக்குங்கள். இடைவிட்டு அடித்தால் காபிறேற்றரின் மிதவை ஊசியில் தூசி இருந்து பெற்றோல் வழிகிறது. மணத்தாலே தெரியும். வழிந்தால் ஸ்ராட் பண்ணாதீர்கள், ஊசியைக் கழற்றித் துடையுங்கள்.