அந்த ஈ.பி.எஃப் கடிதங்களைத்தான் காட்ட வேண்டும், அக்கா

அக்கா, நீங்கள் அனுப்பிய வாய்ஸ் மெசேஜை இரண்டு தடவை கேட்டேன். முதல் தடவை உங்கள் பதற்றம்தான் காதில் விழுந்தது. மகள் உயர்தரத்தில் வர்த்தகப் பிரிவு எழுதி மூன்று பாடமும் சித்தி, ஆனால் இசட் புள்ளி பல்கலைக்கழகத்துக்கு எட்டவில்லை. கொழும்பில் கடையில் நிற்கும் மகன், இனிமேல் எல்லாம் ஏ.ஐ.தான், லிங்க்ட்இன் என்ற வேலைத் தொடர்புத் தளத்தில் தினமும் ஒரு பதிவு போட்டால்தான் வேலை என்கிறான். டவுனில் ஒருவர் ஏ.ஐ. கோர்ஸ், முடித்தால் வேலை நிச்சயம் என்று முப்பதாயிரம் ரூபா கேட்கிறார். பிள்ளையின் படத்தை நெட்டில் போட உங்களுக்குப் பயம். எல்லாம் நியாயமான கவலைதான். ஆனால் இரண்டாவது தடவை கேட்கும்போதுதான் நீங்கள் நடுவில் போகிற போக்கில் சொன்ன ஒன்று பிடிபட்டது. "லயத்துல எல்லாருக்கும் ஃபோம் நிரப்புறதே இவளுக்கு வேலையாப் போச்சு" என்றீர்கள். நான் எழுதப் போவது முக்கியமாக அதைப் பற்றித்தான்.

முதலில் மகன் சொல்வதைப் பார்ப்போம். அவர் சொல்வதில் பாதி சரி. கேட்டதை எழுதித் தரும் ஏ.ஐ.யான சாட்ஜிபிடி வெளிவந்தது 2022 நவம்பர் 30ஆம் திகதி. அதற்கு முன்பு நம்முடைய பிள்ளை ஒன்று ஆங்கிலத்தில் சுயவிபரக்கோவை தயாரிக்க என்ன பாடுபட்டது என்று உங்களுக்குத் தெரியும். டவுனில் டைப் அடித்துக் கொடுக்கும் கொமியுனிகேஷன் கடைக்குப் போய், அங்கே இருப்பவர் யாருக்கோ அடித்து வைத்திருந்த பழைய கோவையில் பெயரை மட்டும் மாற்றி எடுத்து வர வேண்டும். இன்று அதே பிள்ளை கையில் இருக்கும் ஃபோனில் தமிழில் சொன்னால் ஒரு நிமிடத்தில் நல்ல ஆங்கிலத்தில் கடிதம் வருகிறது. ஆங்கிலம் என்ற ஒரே சுவரில் முட்டிக்கொண்டு நின்ற எத்தனையோ பிள்ளைகளைப் பார்த்தவன் என்ற முறையில் எனக்கு இது உண்மையிலேயே சந்தோஷம்.

ஆனால் அந்தக் கடிதம் எல்லாருக்கும் வருகிறது. போன மாதம் என் மேசையில் ஒரே வகுப்பில் படித்த மூன்று பேரின் சுயவிபரக்கோவைகள் இருந்தன, மூன்றிலும் முதல் பந்தி கிட்டத்தட்ட ஒன்றேதான்: கடும் உழைப்பாளி, குழுவாக இயங்கும் ஆற்றல், புதியதைக் கற்கும் ஆர்வம். பெயரை மறைத்துவிட்டால் பெற்ற தாய்க்கே யாருடையது என்று தெரியாது. வேலை கொடுப்பவர்களும் இதைக் கண்டுகொண்டுவிட்டார்கள். அழகான ஆங்கிலத்தைப் பார்த்து ஆளை எடைபோட முடியாத காலம் இது என்பதால், "நீ செய்த ஏதாவது ஒன்றைச் சொல்லு" என்று நேரில் கேட்கிறார்கள், அல்லது அங்கேயே உட்கார வைத்து ஒரு சின்ன வேலையைக் கொடுத்துப் பார்க்கிறார்கள்.

ஒரு பையனின் கதையைச் சொல்கிறேன். பரீட்சை முடிந்து பெறுபேறு வரும்வரை நான்கு மாதம் அவன் தோட்டத்தில் தொழிலாளர்களை மேற்பார்க்கும் கணக்கப்பிள்ளைக்கு உதவியாக இருந்தான். கொழுந்து நிறுக்கும் இடத்தில் நின்று ஒவ்வொருவருடைய கிலோவையும் எழுதுவது, யாருக்குப் பேர் (முழுநாள் சம்பளம்), யாருக்கு அரைப்பேர் (பாதிநாள் சம்பளம்) என்று குறிப்பது, பின்னேரம் கணக்கை ஒப்புப் பார்த்துக் கொடுப்பது, இதுதான் வேலை. விண்ணப்பம் எழுதும்போது இதை ஏ.ஐ.யிடம் தமிழில் சொல்லியிருக்கிறான். நம்முடைய மலையில் கணக்கப்பிள்ளை என்றால் யார் என்று அதற்கு எப்படித் தெரியும்? 'அசிஸ்டன்ட் அக்கவுண்டன்ட்' என்று போட்டுக் கொடுத்துவிட்டது. கேட்க நன்றாக இருந்ததால் அவனும் விட்டுவிட்டான். நேர்முகப் பரீட்சையில் எந்தக் கணக்கு மென்பொருள் தெரியும், ஐந்தொகை (பாலன்ஸ் ஷீட்) தயாரித்திருக்கிறாயா என்று கேட்டார்கள். வாயடைத்துப் போய்த் திரும்பி வந்தான். எனக்கு வயிறு எரிந்தது, ஏனென்றால் அறுபது எழுபது பேரின் ஒருநாள் சம்பளம் தன் பேனா முனையில் நிற்க, மழையில் நின்றுகொண்டு, ஒரு கிலோ கூடக் குறைய விடாமல், சண்டைக்கு வந்தவர்களையும் சமாளித்து நான்கு மாதம் கணக்கு எழுதிய பிள்ளை அவன். அதை அப்படியே சொல்லியிருந்தால் கேட்பவர் நிமிர்ந்து உட்கார்ந்திருப்பார். தோட்டம் என்று தெரிந்துவிடக் கூடாதே என்ற கூச்சமும் அதில் இருந்தது, அதை அவனே பிறகு என்னிடம் சொன்னான்.

இப்போது உங்கள் மகளிடம் வருவோம். பிறகு நான் அவளுக்கு ஃபோன் எடுத்துக் கேட்டேன். அவள் சொன்னதைக் கேட்டு ஆச்சரியப்பட்டேன், அக்கா. ஈ.பி.எஃப், அதாவது ஊழியர் சேமலாப நிதிப் பணம் எடுக்க பெண்களுக்கு 50 வயது, ஆண்களுக்கு 55. வயது வந்தாலும் நம் ஆட்களில் பலருக்குப் பணம் இழுபடுவது எதனால்? பிறப்புச் சான்றிதழில் ஒரு பெயர், அடையாள அட்டையில் இன்னொரு பெயர், தோட்டத்துச் சம்பளப் பதிவேடான செக்ரோலில் கூப்பிடும் பெயர். உங்கள் மகள் இதைச் சரிசெய்ய என்னென்ன கடதாசி வேண்டும், எங்கே சத்தியக் கடதாசி முடிக்க வேண்டும், கிராம சேவகரிடம் என்ன வாங்க வேண்டும் என்றெல்லாம் தானாகவே விசாரித்துக் கற்றுக்கொண்டு, சிங்களத்தில் வந்த கடிதங்களை வாசித்துச் சொல்லி, தொழில் திணைக்களத்துக்குப் பதில் எழுதிக் கொடுத்திருக்கிறாள். அதில் நான்கு பேருக்குப் பணம் கைக்கு வந்துவிட்டதாம். இவ்வளவையும் செய்துவிட்டு, தன்னுடைய சுயவிபரக்கோவையில் அனுபவம் என்ற இடத்தில் 'இல்லை' என்று எழுதி வைத்திருக்கிறாள்!

வங்கியில், காப்புறுதியில், வாடிக்கையாளர் சேவையில், அரச சார்பற்ற நிறுவனங்களில் தேடுவது இந்த மாதிரி ஆளைத்தான். வெறும் தரவு பதிதல், சாதாரண மொழிபெயர்ப்பு, கடைக்குப் போஸ்டர் எழுதுவது போன்ற வேலைகளை மெஷின் நிறையவே எடுத்துக்கொண்டுவிட்டது, அதை மறைக்க மாட்டேன். ஆனால் முன்னால் அழுதுகொண்டு நிற்கும் ஒரு பாட்டியிடம் பொறுமையாகக் கேட்டு, அவருடைய மூன்று பெயரும் ஒரே ஆள்தான் என்று இரண்டு மொழியில் ஓர் அலுவலகத்துக்குப் புரியவைக்கும் வேலை இன்னும் மனிதர்களுடையதுதான்.

ஆகவே லிங்க்ட்இன் வேண்டாம் என்று சொல்லவில்லை. கணக்கு திறக்கட்டும், 16 வயது தாண்டினால் போதும், பணம் கிடையாது. தினமும் பதிவு போட வேண்டியதில்லை, மெஷின் எழுதிய தன்னம்பிக்கை வாசகங்களை யாரும் நின்று வாசிப்பதில்லை. மாதத்துக்கு ஒன்று போதும். முதலாவதாக, பெயர் வித்தியாசம் இருந்தால் ஈ.பி.எஃப் எடுப்பது எப்படி என்று தமிழிலும் சிங்களத்திலும் அவளே எழுதட்டும். முதலில் கடதாசியில், தன் சொந்த வார்த்தையில். அப்புறம் ஏ.ஐ.யிடம் கொடுத்து எழுத்துப்பிழை பார்க்கச் சொல்லட்டும், ஆங்கிலத்துக்கு மாற்றச் சொல்லட்டும். மாற்றித் தந்ததில் அவளால் வாய்விட்டு விளக்க முடியாத சொல் ஒன்று இருந்தாலும் அதை வெட்டிவிட வேண்டும். யாருடைய அடையாள அட்டையையும் கடிதத்தையும் படமெடுத்துப் போடக் கூடாது, ஏ.ஐ.க்குள்ளும் போடக் கூடாது. அது மற்றவர்களின் அந்தரங்கம்.

சுயவிபரக்கோவையை ஒரு பக்கத்தில், கட்டம், பூ, நட்சத்திரம் எதுவும் இல்லாமல் செய்யுங்கள். பெரிய நிறுவனங்களில் மனிதர் பார்ப்பதற்கு முன் மென்பொருள் அதை வாசிக்கிறது, அலங்காரம் கூடினால் அது தடுமாறும்.

படம் பற்றிய உங்கள் பயம் சரியானதுதான். முகத்தை எடுத்து வேறு உடம்பில் ஒட்டுவதும், குரலைப் போலவே பேச வைப்பதும் இப்போது சுலபம். லிங்க்ட்இன்னுக்குத் தோளுக்கு மேலே, பாடசாலைக்கு அடையாள அட்டை எடுப்பது போல ஒரு படம் போதும், அதுவும் கட்டாயமில்லை. ஃபோன் நம்பரையும் தோட்டத்து விலாசத்தையும் பொதுவில் போட வேண்டாம். நம்முடைய தரவை வைத்து ஏ.ஐ.யைப் பழக்க அனுமதிக்கும் ஒரு தெரிவு லிங்க்ட்இன் செட்டிங்கில் இருக்கிறது, அதை நிறுத்தி வைக்கலாம். வேலைக்கான மின்னஞ்சல் ஒன்றைத் தனியாகத் திறந்து தினமும் பார்க்கச் சொல்லுங்கள். தோட்டத்து ஆபீஸில் கடிதம் கிடந்து, நேர்முகப் பரீட்சை முடிந்த பிறகு கைக்கு வந்த கதைகள் நம்மிடம் போதுமான அளவு இருக்கின்றன.

அந்த முப்பதாயிரம் ரூபா கோர்ஸுக்குப் பணம் கட்டாதீர்கள். வேலை நிச்சயம் என்று எந்த நல்ல நிறுவனமும் எழுதித் தராது. அந்த இடம் மூன்றாம்நிலை மற்றும் தொழிற்கல்வி ஆணைக்குழுவில் பதிவாகியிருக்கிறதா, தரும் சான்றிதழ் என்.வி.கியூ (தேசிய தொழிற்தகைமை) மட்டத்தில் வருமா என்று கேளுங்கள். என்.வி.கியூ 4 எடுத்தால் பிறகு 5, 6 டிப்ளோமா, 7 பட்டம் என்று மேலே போக வழி இருக்கிறது. கணினி நிரல் ஆசை இருந்தால் மொறட்டுவைப் பல்கலைக்கழகத்தின் இலவச இணையப் பாடங்களில் முதலாவதை முயன்று பார்க்கட்டும். ஆங்கிலத்தில்தான் இருக்கும், ஆனாலும் செலவு டேட்டா மட்டும்தான். வெளிநாட்டு வேலை என்று ஏதாவது வந்தால் உடனே 1989 என்ற இலக்கத்துக்கு ஃபோன் எடுத்து வெளிநாட்டு வேலைவாய்ப்புப் பணியகத்தில் விசாரியுங்கள். முன்பு மோசடி விளம்பரத்தை எழுத்துப் பிழையை வைத்தே பிடித்துவிடலாம், இப்போது அவர்களுக்கும் ஏ.ஐ. எழுதிக் கொடுக்கிறது.

வரும் சனிக்கிழமை மகளை அழைத்து வாருங்கள், காலை பஸ்ஸில் வந்தால் பின்னேரத்துக்குள் திரும்பிவிடலாம். வரும்போது, இதுவரை யார் யாருக்கு என்ன செய்து கொடுத்தாள் என்று பெயர் இல்லாமல் தமிழில் ஒரு கொப்பியில் எழுதிக்கொண்டு வரட்டும், எத்தனை பக்கம் ஆனாலும் பரவாயில்லை. பணம் கிடைத்த அந்த நான்கு பேரில் ஒருவரிடம், அவளைப் பற்றி யாராவது கேட்டால் பேசுவாரா என்று கேட்டு வையுங்கள். ஆங்கிலத்தை நானும் அவளும் ஃபோனை வைத்துக்கொண்டு பார்த்துக்கொள்கிறோம்.