வாசகர் கேள்வி: கேடட் பயிற்சிக்கு சாட்பாட் வைத்துக்கொள்ளலாமா?

கேள்வி: அண்ணா, வணக்கம். கொழிஞ்சாம்பாறை பக்கம் ஒரு பள்ளி மைதானத்தில் ஞாயிறுதோறும் காலையில் கேடட் பயிற்சி நடத்துகிறோம். 11 வயதிலிருந்து 17 வரை 42 பிள்ளைகள், சம்பளமில்லாமல் வரும் நாங்கள் நாலு பேர். பாதி வீட்டில் தமிழ், பாதி வீட்டில் மலையாளம், அதனால் எந்தச் சுற்றறிக்கையும் இரண்டு முறை எழுத வேண்டும். ஆறு மாதமாக அந்த வேலையை சாட்ஜிபிடி என்ற சாட்பாட்டிடம் கொடுத்துவிட்டேன். போன மாதம் முகாமுக்குக் குழு பிரிக்க, பெயர், போன் நம்பர், யாருக்கு என்ன நோய் என்ற பட்டியலையும் அப்படியே ஏற்றிவிட்டேன். கூட இருப்பவர் ஒருவர் இது தப்பு என்று சண்டை பிடிக்கிறார். தப்புதானா?

பதில்: சுற்றறிக்கை எழுதியதில் தப்பே இல்லை, பட்டியலை ஏற்றியது தப்புதான், உங்கள் நண்பருக்கு நன்றி சொல்லுங்கள். 2023-ல் வந்த தரவுப் பாதுகாப்புச் சட்டத்தின்படி 18 வயது நிரம்பாத எல்லோரும் குழந்தைகள், அவர்கள் விவரத்தைக் கணினியில் கையாளப் பெற்றோர் ஒப்புதல் வேண்டும். அதன் விதிகள் 2025 நவம்பரில்தான் வந்தன, முழுதாக நடைமுறைக்கு வர இன்னும் அவகாசம் இருக்கிறது. ஆனால் இதற்குச் சட்டம் வரும்வரை காத்திருக்க வேண்டுமா? ஒரு பிள்ளைக்கு வலிப்பு வரும் என்று அதன் அம்மா உங்கள் காதில் சொன்னது உங்களை நம்பித்தான், அது எங்கோ ஒரு கம்பெனி கணினிக்குப் போகும் என்று தெரிந்திருந்தால் சொல்லியிருக்க மாட்டார், அப்புறம் முகாமில் அந்தப் பிள்ளைக்கு ஏதாவது ஆனால் நமக்குத் தெரியாமலேயே போயிருக்கும்.

சரி, இப்போது செய்ய வேண்டியது. அந்த உரையாடலை அழித்துவிடுங்கள். சாட்ஜிபிடியின் செட்டிங்ஸில் டேட்டா கன்ட்ரோல்ஸ் பகுதிக்குப் போய், நம் உரையாடலை வைத்து சாட்பாட்டுக்கே பயிற்சி தரும் வசதியை அணைத்துவிடுங்கள். பெற்றோரிடம் நடந்ததை மறைக்காமல் சொல்லுங்கள். இனி குழு பிரிக்க வேண்டுமானால் க1, க2 என்று எண் கொடுத்து, வயதும் ஆணா பெண்ணா என்பதும் மட்டும் தந்தால் போதும், அது அழகாகப் பிரித்துத் தரும். நோய் விவரம் முகாம் பொறுப்பாளர் பையில் ஒரு நோட்டில் இருக்கட்டும்.

மொழிபெயர்ப்பைப் பற்றி ஒன்று, நான் பட்டது. நாங்கள் 'வெள்ள மீட்புப் பயிற்சி' என்று தமிழில் எழுதி சாட்பாட்டிடம் கொடுத்தோம், மலையாளத்தில் அது 'வெள்ளம்' என்றே வந்தது. அங்கே வெள்ளம் என்றால் குடிக்கிற தண்ணீர், நாம் சொல்லும் வெள்ளத்துக்கு 'வெள்ளப்பொக்கம்' என்று வர வேண்டும். பிள்ளைகளைக் குளத்தில் இறக்கப் போகிறோம் என்று நினைத்து அன்று ராத்திரி நாலைந்து அம்மாக்கள் போன் செய்தார்கள். 'அவசரம்' என்ற சொல்லும் இப்படித்தான், நமக்கு அது உடனே என்றாகும், அவர்களுக்கு வாய்ப்பு என்றாகும். அதனால் அனுப்புமுன் மலையாளம் வீட்டில் பேசும் ஒரு பெரிய கேடட்டிடம் வாசிக்கக் கொடுங்கள், இரண்டு நிமிட வேலை.

டிரில், கொடி விஷயங்களில் இன்னும் கவனம் வேண்டும். அணிவகுப்புக் கட்டளை கேட்டால் சாட்பாட் 'பரேட் ரெஸ்ட்' என்று எழுதித் தரும், அது அமெரிக்க ராணுவத்தின் கட்டளை. இங்கே என்.சி.சி.யில் 'சாவ்தான்' (விறைப்பாக நில்), 'விஷ்ராம்' (தளர்ந்து நில்) என்று இந்தியில் சொல்கிறார்கள். 'பரேட் ரெஸ்ட்' என்று பழகிய பிள்ளை நாளைக்கு என்.சி.சி.யில் சேர்ந்தால் முழிக்கும். தேசியக் கொடியைச் சூரியன் மறையுமுன் இறக்கியே ஆக வேண்டும் என்று எனக்கு ஒரு முறை அடித்துச் சொன்னது. 2022 ஜூலையில் கொடி விதியைத் திருத்தி, பொதுமக்கள் இரவும் பகலும் பறக்கவிடலாம் என்று ஆக்கிவிட்டார்கள். பழைய விதியை அது அத்தனை உறுதியாகச் சொன்னதால் நானும் நம்பிவிட்டேன். இதற்கெல்லாம் உங்கள் அமைப்பின் கையேட்டைத்தான் பார்க்க வேண்டும்.

கேள்வி: சார், எனக்கு 15 வயசு, ஸ்குவாட் லீடர். முதலுதவித் தேர்வுக்கு சாட்பாட்டில் படிக்கிறேன். பாம்பு கடித்தால் கயிறு கட்டக் கூடாது என்கிறது, எங்கள் பாட்டி இறுக்கிக் கட்டச் சொல்கிறார். யார் சொல்வது சரி? — வேலந்தாவளம்

பதில்: கண்ணு, இதில் அது சொன்னதுதான் சரி. கட்டக் கூடாது, கீறக் கூடாது, வாய் வைத்து உறிஞ்சக் கூடாது. கடிபட்டவரை நடக்க விடாமல், கடிபட்ட கையையோ காலையோ அசையாமல் வைத்து, 108-ஐக் கூப்பிட்டு, விஷமுறிவு மருந்து இருக்கும் ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோக வேண்டும். நாகம், கட்டுவிரியன், கண்ணாடிவிரியன், சுருட்டைவிரியன் நாலுக்கும் ஒரே மருந்துதான், அதனால் பாம்பைத் தேடிப் பிடிக்க யாரையும் அனுப்பாதே. பாட்டியிடம் சண்டை வேண்டாம், ஆரம்ப சுகாதார நிலைய நர்ஸ் அக்காவிடம் கூட்டிப்போய் அவர் வாயால் கேட்கச் செய். படிக்கும்போது 'எனக்குச் சொல்லிக் கொடு' என்பதை விட, 'என்னைக் கேள்வி கேள்' என்று போட்டுப் பார், நன்றாக மனதில் நிற்கும். முடிச்சு போடுவதை மட்டும் கயிற்றை எடுத்துத்தான் பழக வேண்டும். 18 வயது ஆகும்வரை பெற்றோர் சம்மதத்தோடு பயன்படுத்த வேண்டும் என்பது சாட்ஜிபிடியின் விதி, அப்பாவிடம் சொல்லிவிட்டாயா?

கேள்வி: மூன்று வாரமாக வராத பையனுக்கு நீக்கல் கடிதம் எழுத வேண்டும். சாட்பாட்டிடம் கேட்டால் கடுமையாக, அழகாக எழுதித் தருகிறது. அனுப்பலாமா? — கோபாலபுரம்

பதில்: அனுப்பாதீர்கள். முதலில் அவன் வீட்டுக்குப் போங்கள். நானும் இப்படி ஒரு பையனுக்கு எழுதி, உறையில் போட்டு வைத்திருந்தேன், அப்போது சாட்பாட்டெல்லாம் கிடையாது, நானே எழுதியது. கொடுக்கப் போன இடத்தில் பார்த்தால், அம்மா ஆஸ்பத்திரியில், அவன் ஞாயிறு காலையில் தேங்காய் லோடு ஏற்றப் போய்க்கொண்டிருந்தான். கடிதத்தைச் சட்டைப் பையிலேயே வைத்துக்கொண்டு திரும்பிவந்து மற்றவர்களிடம் பேசினேன். அந்த மாதம் முழுக்கப் பயிற்சியை மாலை 4 மணிக்கு வைத்தோம், அவனும் வந்தான்.