ஷேக்ஸ்பியர் நாடகத்தில் ஒத்தெல்லோ இயாகோவை ஏன் அவ்வளவு சுலபமாக நம்புகிறான்?

இயாகோ எடுத்த எடுப்பில் பொய் சொல்வதில்லை, சூட்சுமமே அதுதான். தளபதி ஒத்தெல்லோவின்கீழ் துணைத்தளபதி பதவி தனக்குக் கிடைக்காமல் காசியோவுக்குப் போன எரிச்சலில் இருக்கிறவன், மூன்றாம் அங்கத்தில் காசியோ ஒத்தெல்லோவின் மனைவி டெஸ்டிமோனாவிடம் பேசிவிட்டு நகர்வதைப் பார்த்து, "இது எனக்குப் பிடிக்கவில்லையே" என்று தனக்குத்தானே முனகுவதுபோல் முனகுகிறான். என்ன என்று கேட்டால் ஒன்றுமில்லை என்கிறான். மிச்சத்தை ஒத்தெல்லோவே கற்பனை செய்துகொள்கிறான். பொறாமையில் விழுந்துவிடாதீர்கள் என்று எச்சரிப்பதும் இதே ஆள்தான், என்ன நெஞ்சழுத்தம்!

அப்புறம் அந்தக் கைக்குட்டை. ஒத்தெல்லோ கொடுத்த முதல் பரிசு, ஸ்ட்ராபெரி பழங்கள் தைத்தது. டெஸ்டிமோனா தவறவிட்டதை எமிலியா எடுத்துக் கணவன் இயாகோவிடம் தர, அவன் அதைக் காசியோவின் அறையில் போட்டுவிடுகிறான். வெனிஸில் தான் கறுப்பன், வயதானவன் என்ற உறுத்தல் வேறு ஒத்தெல்லோவுக்கு. டெஸ்டிமோனாமேல் தப்பில்லை என்று எமிலியா அடித்துச் சொல்லியும் காதில் ஏறவில்லை.