எலும்பு படிக்க விரும்பும் மகளுக்கு மெடிக்கல் சீட் எதற்கு?

அன்புள்ள அம்மாவுக்கு,

ப்ளஸ் டூவில் உயிரியலில் நல்ல மார்க் எடுத்த மகள், பினீசியர்கள் (இன்றைய லெபனான் கடற்கரையில் வாழ்ந்த பழங்காலக் கடல்வணிகர்கள்) இறந்தவர்களை எப்படி அடக்கம் செய்தார்கள் என்று ஆராயப் போகிறாளாம். வீட்டில் யாருக்கும் தூக்கமில்லை என்று எழுதியிருக்கிறீர்கள். நீட்டுக்கு இன்னொரு வருடம் கோச்சிங், அதிலும் வராவிட்டால் நிலத்தை விற்று மேனேஜ்மென்ட் சீட் என்கிறாராம் உங்கள் அண்ணன். உங்கள் பதற்றம் புரிகிறது. ஆனால் அண்ணன் சொல்வது தவறு. இரண்டு முறை எழுதிவிட்டாள், டாக்டராக விருப்பமில்லை என்று வாய்விட்டுச் சொல்லியும்விட்டாள். அதற்குப் பிறகும் நிலத்தை விற்றால் நிலமும் போகும், பிள்ளையின் மனமும் விட்டுப்போகும்.

பி.எட்., குரூப் தேர்வு பற்றியெல்லாம் நான் சொல்ல வேண்டியதில்லை. யாரும் சொல்லாத ஒன்று இருக்கிறது. அகழாய்வில் கிடைக்கும் மனித எலும்புகளைப் படிக்க உயிரியல் தெரிந்தவர்கள் வேண்டும். உங்கள் மகள் கேட்கும் துறைக்கு அதுதான் உயிர்நாடி.

லெபனானில் பினீசியர்களின் பழைய ஊரான டயர் நகரம் இருக்கிறது. பைபிளில் தீரு என்று வரும் ஊர். அங்கே அல்-பாஸ் இடுகாட்டை தொல்லியலாளர் மரியா யூஜெனியா ஆபெட் குழு 1997 முதல் தோண்டியது. பல கல்லறைகளில் ஒரே ஆளுக்கு இரண்டு தாழிகள்: ஒன்றில் எரித்த எலும்பு, மற்றதில் சிதைச் சாம்பல். கூடவே இரண்டு குடுவைகள், குடிக்க ஒரு கிண்ணம். உள்ளே இருப்பவருக்கு என்ன வயது, எந்தச் சூட்டில் எரித்தார்கள் என்பதை எலும்புதான் சொல்லும். குறைந்த சூட்டில் அது கருக்கும், சூடு ஏற ஏறச் சாம்பல் நிறமாகி, கடைசியில் வெளுத்துவிடும்.

பினீசியர்கள் குடியேறிய இன்னொரு ஊர், துனீசியாவின் கார்தேஜ். அங்கே குழந்தைகளின் எரிந்த எலும்புகள் தாழி தாழியாகக் கிடைத்தன. பலியிட்டார்களா, தானாக இறந்தவர்களா? மானிடவியலாளர் ஜெஃப்ரி ஷ்வார்ட்ஸ் குழு 348 தாழிகளில் 540 பேரின் எச்சங்களைப் பார்த்து, பலர் பிறக்கும் முன்போ பிறந்தவுடனோ இறந்தவர்கள், ஆகவே திட்டமிட்ட பலி இல்லை என்று 2010-ல் எழுதியது. மறு வருடமே பட்ரீசியா ஸ்மித் குழு மறுத்தது: சூட்டில் பல்லும் எலும்பும் சுருங்கும், அந்தக் கணக்கு பிசகிவிட்டது, ஒன்றிரண்டு மாதக் குழந்தைகளே அதிகம் என்றது. பிறக்கும்போது பால்பல்லின் எனாமலில் ஒரு மெல்லிய கோடு விழும். குழந்தை சில நாளாவது உயிரோடு இருந்திருந்தால்தான் மைக்ராஸ்கோப்பில் அது தெரியும். இவ்வளவு பெரிய விவாதத்தில் அந்த மெல்லிய கோடும் ஒரு முக்கியச் சாட்சி. இதைப் படித்துவிட்டு ஒரு பெண் ராத்திரி தூங்காமல் யோசித்தால், அது கிறுக்கு இல்லை அம்மா.

சரி, வழி என்ன? அரசு அல்லது உதவிபெறும் கல்லூரியில் பி.எஸ்சி. விலங்கியல், ஃபீஸ் உங்கள் கைக்குள் அடங்கும். அப்புறம் புனே டெக்கான் கல்லூரியில் எம்.ஏ. தொல்லியல். இந்த ஐந்து வருடமும் விடாமல் பிரெஞ்சு. கார்தேஜ் பற்றிய அறிக்கைகளில் பெரும்பகுதி அந்த மொழியில்தான். சென்னையிலும் புதுச்சேரியிலும் பிரெஞ்சு கற்றுத்தரும் அலியான்ஸ் பிரான்சேஸ் இருக்கிறது.

வெளிநாட்டுக்குப் போவது உதவித்தொகை கிடைத்தால் மட்டும். இதில் நான் இறங்கி வர மாட்டேன். வீட்டை அடமானம் வைத்து ஒரு ரூபாய்கூட வாங்காதீர்கள். ரோமின் சபியென்சா பல்கலைக்கழகம் சிசிலியை ஒட்டிய மோட்யா தீவில் பினீசிய நகரத்தைத் தோண்டிவருகிறது. இத்தாலிய அரசுப் பல்கலைக்கழகங்களில் குடும்ப வருமானத்தைப் பார்த்தே கட்டணம். ஐரோப்பிய ஒன்றியம் தரும் எராஸ்மஸ் முண்டஸ் உதவித்தொகைக்கும் முயலலாம். கிடைக்கவில்லையா, இங்கேயே பி.எச்டி.

வேலைகள் குறைவு, அதை மறைக்க மாட்டேன். நிலையான வேலைக்கு வர பத்து வருடம் ஆகலாம். ஆனால் எலும்பு படிக்கத் தெரிந்தவரை மானிடவியல் ஆய்வகம், அருங்காட்சியகம், தடயவியல் எனப் பல இடங்களில் கேட்பார்கள்.

எம்.ஏ. முதல் வருட லீவில் ஏதாவது ஓர் அகழாய்வு முகாமுக்கு அனுப்புங்கள். வெயிலில் உட்கார்ந்து விரல்நுனி அளவு எலும்புத் துண்டுகளைப் பிரித்தெடுப்பது பிடிக்கவில்லை என்றால் அவளே சொல்வாள். அப்போது வேறு பாதை பார்ப்போம். கோச்சிங் சென்டருக்கு இந்த மாதம் அட்வான்ஸ் கட்ட வேண்டாம். அண்ணன் கேட்டால் என்னிடம் பேசச் சொல்லுங்கள்.