பாலம் கட்டினால் குழந்தைக்கு ஓவியம் வருமா?

"9 வயது மகளுக்கு ஓவியத்தில் ஆசை. மாதிரிப் பாலம் செய்யும் கிட் வாங்கித் தந்தால் உதவுமா, வெறும் கைவேலையோடு நின்றுவிடுமா?" என்று கேட்டிருக்கிறீர்கள்.

பாலம் உதவும், கிட் வேண்டாம். அதில் எல்லாத் துண்டும் வெட்டியே வரும். பிள்ளை யோசிக்க ஒன்றும் மிச்சமிருக்காது.

ராமநாதபுரத்தில் வார இறுதியில் ஓவிய வகுப்பு எடுக்கிறேன். முதல் வருடம் ஐஸ் குச்சியையும் ஃபெவிகாலையும் அப்படியே கையில் கொடுத்துவிட்டேன். எல்லாரும் ஏணி மாதிரி கட்டம் கட்டமாக ஒட்டினார்கள். இரண்டு செங்கலுக்கு நடுவில் வைத்து ஒரு சொம்பு தண்ணீரை ஏற்றியதும் கட்டங்கள் கோணிக்கொண்டு படுத்துவிட்டன. பெயின்ட் மட்டும் ஜோராக இருந்தது!

இப்போதெல்லாம் முதல் நாள் பசையே கிடையாது. நான்கு அட்டைப் பட்டைகளைக் குண்டூசியால் கோத்துச் சதுரமாக்கி, விரலால் தள்ளச் சொல்வேன், சாய்ந்துவிடும். மூன்று பட்டையில் முக்கோணம், அசையாது. இரண்டையும் வரைந்த பிறகுதான் குச்சி.

அப்புறம் பாம்பன் படங்களைக் காட்டுவேன். 1914-இல் திறந்த பழைய ரயில் பாலம் கப்பலுக்காக நடுவில் இரண்டாகப் பிரிந்து மேலே எழும்பும் வகையில் இருந்தது. 2025-இல் திறந்த புதியதில் 72.5 மீட்டர் நீளத் துண்டு லிஃப்ட் மாதிரி நேராக மேலே போகும். அதே கடல்தான். "உன் பாலம் கப்பலுக்கு எப்படி வழிவிடும்?" என்று கேட்டுவிட்டு நான் ஒதுங்கிக்கொள்வேன்.

ஒரு சிறுமி, "எங்க வீட்டுக் கதவு மாதிரி பக்கவாட்டில் திறக்கும் மிஸ்" என்றாள். நூலால் கீல் கட்டினாள். திறந்ததும் மறுமுனை தொங்கிவிட்டது. அந்தத் தொங்கலையே வரைந்து பார்த்தாள். ஒரு வாரம் கழித்துக் கீலை உள்ளே தள்ளி, பின்பக்கம் கூழாங்கல் நிரப்பிய தீப்பெட்டியை ஒட்டிக்கொண்டு வந்தாள். அந்தப் படத்தில் எந்தக் குச்சி முன்னால், எது பின்னால் என்று காட்ட நிழல் போட்டிருந்தாள். ஆறு மாதமாக நான் ஆப்பிளை வைத்துச் சொல்லிக் கொடுத்தும் வராத நிழல் அது!

வாங்க வேண்டியவை: ஐஸ் குச்சி, பழைய அட்டை, நூல், ஃபெவிகால், ஒரு டஜன் துணி கிளிப். பசை காய ஒரு ராத்திரி ஆகும். அதுவரை கிளிப்பைக் கழற்ற விடாதீர்கள். சொம்பை மறுநாள் ஏற்றலாம்.