உத்திரமேரூர்தான் உலகத்தோட முதல் ஜனநாயகமா? பேச்சுப்போட்டிக்கு என்ன சொல்லலாம்

கேள்வி: என் பொண்ணு எட்டாவது படிக்கிறா. ஸ்கூல் பேச்சுப்போட்டிக்கு "உலகின் முதல் ஜனநாயகம் உத்திரமேரூர்"னு எழுதி வச்சிருக்கா. ஜட்ஜ் யாராவது மடக்கிக் கேட்டா மாட்டிக்குவாளா?

பதில்: மாட்டிக்குவா. "முதல்"ங்கறத மட்டும் எடுத்துடச் சொல்லுங்க, மத்ததெல்லாம் நிக்கும். உத்திரமேரூர் வைகுண்டப் பெருமாள் கோயில் கல்வெட்டு சோழ ராஜா முதலாம் பராந்தகன் காலத்தது, கி.பி. 919ல ஒண்ணு, 921ல ஒண்ணு. கிரேக்க நாட்டு ஏதென்ஸ்ல கிளெய்ஸ்தனிஸ்ங்கற தலைவர் ஆட்சிய ஜனநாயகமா மாத்தி அமைச்சது கி.மு. 508 வாக்குல, 1400 வருஷத்துக்கு மேல முந்தி, யார் முதல்ங்கற போட்டிக்கே நாம போக வேணாம்.

பேச நல்ல விஷயம் வேற இருக்கு. குடவோலைய ஓட்டுன்னே எல்லாரும் சொல்றாங்க, அது குலுக்கல்ங்க. 30 குடும்பு, அதாவது வார்டு மாதிரி, ஒவ்வொண்ணுலயும் தகுதி உள்ளவங்க பேரை ஓலைல எழுதி குடத்துல போட்டு, விவரம் தெரியாத சின்னப் பையன விட்டு எடுக்கச் சொல்லி, அவன் குடுக்கற ஓலைய மத்யஸ்தன், அதாவது நடுநிலையா நிக்கற ஊர் அலுவலர், அஞ்சு விரலையும் விரிச்சு உள்ளங்கைல வாங்கணும்னு கல்லுலயே வெட்டியிருக்கு. கைல வேற ஓலைய மறைச்சு வச்சு மாத்திடக் கூடாதில்ல! ஏதென்ஸ்லயும் பின்னாடி 500 பேர் கவுன்சிலுக்கு இப்படி குலுக்கித்தான் எடுத்தாங்க, சட்டம் போடறதுக்குத்தான் சபைல கை தூக்கி ஓட்டு.

எனக்கு ரொம்பப் பிடிச்சது கணக்கு விஷயம். வாரியத்துல, அதாவது ஊர் வேலைகளப் பாத்துக்கற குழுல, இருந்துட்டு கணக்கு காட்டாதவன் பேர குடத்துல போடக்கூடாது, அவன் மட்டுமில்ல, மாமனார், மச்சான், சித்தி பெரியம்மா பசங்கன்னு ஒரு லிஸ்டே இருக்கு. பதவி 360 நாள்தான், முந்தின மூணு வருஷத்துல இருந்தவனுக்கும் இடமில்ல. ஏதென்ஸ்லயும் பதவி முடிஞ்சா கணக்கு காட்டியே ஆகணும்.

அடுத்து ஜட்ஜ் கேட்கப்போறது "எல்லாருக்கும் உரிமை இருந்துச்சா"ன்னுதான். இல்ல. அது பிராமணர் ஊர்ச்சபை, 35லேர்ந்து 70 வயசு, கால் வேலிக்கு (வேலிங்கறது பழைய நில அளவு) மேல வரி கட்டற நிலம், சொந்த மனைல வீடு, வேதப் படிப்பு எல்லாம் வேணும், நிலம் கொஞ்சம் குறைஞ்சா படிப்பு கூட இருக்கணும். ஏதென்ஸ்ல பெண்கள், அடிமைகள், வெளியூர்லேர்ந்து வந்து குடியேறினவங்க யாருக்கும் கிடையாது. எல்லாருக்கும் உரிமைங்கறதே ரொம்பப் பின்னாடி வந்ததுதான்: பெண்களுக்கு ஓட்டுன்னு ஒரு நாடா முதல்ல குடுத்தது 1893ல நியூசிலாந்து, ஆண் பெண் எல்லாருக்கும்னு இலங்கைல வந்தது 1931ல, சுவிட்சர்லாந்துல தேசியத் தேர்தலுக்கு 1971 வரைக்கும் பெண்கள் காத்திருந்தாங்க, நம்பவே முடியாது.

முதல் வரிய இப்படி மாத்திக்கச் சொல்லுங்க: "கணக்கு காட்டாதவனுக்குப் பதவி இல்லைன்னு ஆயிரம் வருஷத்துக்கு முன்னாடியே கல்லுல எழுதின ஊர் உத்திரமேரூர்." இத எந்த ஜட்ஜாலயும் மறுக்க முடியாது.