ஒரே மடையில் பாயும் ஐந்து பேர்

வாசகர் கேள்வி – பதில்

கேள்வி: மேலூருக்குக் கிழக்கே மூன்று ஏக்கர் நஞ்சையில் ஒருபோக நெல் பயிரிடுகிறேன். ரசாயனத்தை விட்டு, பண்ணைத் திட்டம் எழுதி, குறிப்பேடு வைத்து, சான்று பெறும் முறையில் சேரும்படி எங்கள் ஊருக்கு வந்தவர்கள் சொன்னார்கள். 'விருப்பமிருந்தால் சேரலாம், கட்டாயமில்லை' என்றும் சொல்கிறார்கள். கட்டாயமில்லாத ஒன்றுக்கு இத்தனை எழுத்து வேலை எதற்கு? சான்றுச் செலவு எனக்குக் கட்டுப்படியாகுமா?
– மேலூர் வட்ட வாசகர்

பதில்: இத்தகைய முறையில் சேர்ந்தே ஆக வேண்டும் என்று எந்தச் சட்டமும் உங்களை வற்புறுத்தவில்லை. ஆனால் விளைந்த அரிசியை 'இயற்கை விளைபொருள்' என்று பெயரிட்டுக் கடைக்கு அனுப்பும் அன்றே, இந்திய உணவுப் பாதுகாப்பு மற்றும் தர ஆணையம் 2017இல் வகுத்த விதிகள் உங்களுக்கும் பொருந்தத் தொடங்கிவிடும். அந்த விதிகள் ஏற்கும் முறைகள் இரண்டு. ஒன்று, 2001இல் தொடங்கிய தேசிய அங்கக (அதாவது இயற்கை வேளாண்) உற்பத்தித் திட்டம். வெளியிலிருந்து ஒரு சான்றளிப்பு அமைப்பு வந்து ஆய்வு செய்யும் முறை இது. ஏற்றுமதி செய்ய நினைப்பவருக்கு இதுதான் வழி. மற்றொன்று, பிஜிஎஸ் எனப்படும் பங்கேற்பு உத்தரவாத முறை. இதில் குறைந்தது ஐந்து விவசாயிகள் குழுவாகச் சேர்ந்து, உறுதிமொழி எழுதிக் கொடுத்து, ஒருவர் வயலை மற்றவர் பார்த்து மதிப்பிடுகிறார்கள். ரசாயனத்தை விட்டு இயற்கை முறைக்கு மாறும் காலத்தில் 'பிஜிஎஸ் கிரீன்' முத்திரையும், மாற்றம் நிறைவடைந்தபின் 'பிஜிஎஸ் ஆர்கானிக்' முத்திரையும் கிடைக்கும். உள்ளூர்ச் சந்தையை நம்பியிருக்கும் மூன்று ஏக்கர்க்காரருக்குச் செலவு குறைந்த இந்த இரண்டாவது முறையே ஏற்றது என்பது என் கருத்து. உண்பவர் கையிலேயே நேரடியாக விற்கும் சிறு விவசாயிக்குச் சான்றிலிருந்து விலக்கு உண்டு. ஆயினும் இயற்கை உணவுக்கான அரசு முத்திரையை அவர் பயன்படுத்த இயலாது.

அந்த ஐந்து பேர் யார் என்பதில்தான் நீங்கள் மிகுந்த கவனம் செலுத்த வேண்டும். பெரியாறு பாசனத்தில் பேரணை முதல் கள்ளந்திரி வரை இருபோகம். அதற்குக் கீழே உங்கள் பகுதி ஒருபோகம். கால்வாயிலிருந்தோ கண்மாயிலிருந்தோ மடை வழியாக வரும் நீர், பல இடங்களில் ஒரு வயலை நிரப்பி, வரப்பு வாய் வழியாக அடுத்த வயலுக்கு இறங்குகிறது. மேல் வயல்காரர் காலையில் யூரியா தூவினால், மாலையில் அதன் கரைசல் உங்கள் வயலுக்கு வந்துவிடும். நீங்கள் எவ்வளவு நேர்மையாக இருந்தாலும் தண்ணீர் உங்கள் உறுதிமொழியைக் காப்பாற்றாது. ஆகவே உறவினர், நண்பர் என்று பாராமல், ஒரே மடையில் பாயும் விவசாயிகளைக் குழுவாகச் சேருங்கள். மேல் வயல்காரர் சேர மறுத்தால், உங்கள் வயலுக்குத் தனி வாய்க்கால் வெட்ட இடம் இருக்கிறதா என்று பாருங்கள். அவர் வயலை ஒட்டி உங்கள் வயலில் ஒரு பாத்தியை விலக்கி, அதன் விளைச்சலைத் தனியாக அறுத்துத் தனியாகவே மூடை கட்டுங்கள்.

எழுத்து வேலையைச் சுமையென்று கருதுகிறீர்கள். எனக்கோ, இம்முறைகள் அனைத்திலும் விவசாயிக்கு உடனே பயன் தருவது அந்தக் குறிப்பேடு ஒன்றுதான் என்று தோன்றுகிறது. 45 கிலோ யூரியா மூடையில் 46 விழுக்காடு தழைச்சத்து (நைட்ரஜன்), அதாவது ஏறத்தாழ 20.7 கிலோ. ஏக்கருக்கு மூன்று மூடை போட்டவர் 62 கிலோ தழைச்சத்து போட்டிருக்கிறார். அதை எழுதி, மண் பரிசோதனை அறிக்கைக்கு அருகில் வைத்துப் பார்த்தால்தான், போட்டது தேவைக்கா பழக்கத்துக்கா என்பது விளங்கும். எனவே இந்தப் போகத்தில் எதையும் மாற்ற வேண்டாம். விதை, உரம், தெளிப்பு, கூலி, தண்ணீர் விட்ட நாள், கண்ட மகசூல் ஆகியவற்றை மட்டும் உள்ளபடி எழுதுங்கள். பசுந்தாள் உரமாகத் தக்கைப்பூண்டோ சணப்போ விதைத்து மடக்கி உழுவதும், காய்ச்சலும் பாய்ச்சலுமாக நீர் கட்டுவதும் அடுத்த போகத்துத் திட்டத்தில் இடம்பெறட்டும். தொடக்கப் போகங்களில் மகசூல் குறையக்கூடும். அதற்கு வீட்டுச் செலவில் இடம் ஒதுக்கிக்கொண்ட பிறகே முழுமையாக மாறுங்கள். மண் மாதிரியைத் தண்ணீர் திறப்பதற்கு முன், நிலம் காய்ந்திருக்கும்போதே எடுத்து, ஒத்தக்கடை வேளாண்மைக் கல்லூரியில் விசாரியுங்கள்.

கேள்வி: மதுரை மல்லிக்குத்தான் புவிசார் குறியீடு இருக்கிறதே, எங்கள் பூந்தோட்டத்துக்கு வேறு சான்று எதற்கு?
– திருமங்கலம் வாசகி

பதில்: மதுரை மல்லி 2013இல் பெற்ற அந்தக் குறியீடு பூ விளைந்த மண்ணையும் அதன் தனித்தன்மையையும் பற்றியது, தோட்டத்தில் என்ன மருந்து அடித்தீர்கள் என்பதைப் பற்றி அது எதுவும் சொல்வதில்லை. 1997இல் ஐரோப்பிய வணிகர்கள் தொடங்கி, 2007 முதல் 'குளோபல் கேப்' என்று வழங்கும் நல்ல வேளாண் நடைமுறைத் தரம் பூக்களுக்கும் உண்டு. பறிப்பவரின் பாதுகாப்பும் அதில் ஓர் அங்கம். அந்தச் சான்றை நீங்கள் நாடாவிட்டாலும் அந்த ஓர் அங்கத்தை மட்டும் இன்றே எடுத்துக்கொள்ளுங்கள். நெல்லுக்கு மருந்தடித்தால் அறுவடைக்கு நாள் இருக்கிறது. மல்லிகையையோ நாள்தோறும் விடியுமுன் பறிக்கிறோம், பறிப்பவர்களில் பெரும்பாலோர் பெண்கள். மருந்துப் புட்டியின் முக்கோணம் சிவப்பாகவோ மஞ்சளாகவோ இருந்தால் அது கடும் நஞ்சு என்று பொருள். மொட்டுப் புழுவுக்கு எந்த நாளில் எதை அடித்தீர்கள், அதன்பின் எத்தனை நாள் கழித்து ஆளை உள்ளே விட்டீர்கள் என்பதைத் தேதியுடன் எழுதி, பறிக்க வருவோர் கண்ணில் படும்படி தோட்ட வாயிலிலேயே மாட்டி வையுங்கள்.